கால் பாவாத நடை

கார் நிறுத்தும் இடத்துச் சிமெண்டுத் தரையில் செருப்பு இழுபடும் சத்தம் கேட்டதுமே வாசுகியின் கண் பின்கதவுக்குப் போனது. ஒரு கால் ஊன்றும். அடுத்த கால் எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்சம் தயங்கும். பிறகு அவசரமாகத் தரையில் விழும். அப்பா உயிரோடு இருந்தபோது எஸ்டேட் வீட்டில் பொழுது சாயும் நேரமெல்லாம் கேட்ட நடை அது. அந்தச் சத்தம் வாசலை எட்டுவதற்குள் அண்ணன் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்கதவு வழியாகச் செம்பனை மரங்களுக்குள் ஓடிவிடுவான். இப்போது அதே நடையோடு வந்து வாசல் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அந்த அண்ணன்தான்.

"புஷ்பா வெளிய போகச் சொல்லிட்டா," என்றான் புவனேஸ்வரன். தோளில் ஒரு துணிப்பை தொங்கியது. "கொஞ்ச நாளைக்கு இங்க இருந்துக்கறேன்லா. ஆலையும் பக்கந்தானே."

அவன் நெல் லாரி ஓட்டுகிறவன். அறுவடை தொடங்கிவிட்டால் யான் பக்கத்து வயல்களில் நெல்லை ஏற்றிக்கொண்டு அலோர் ஸ்டாரில் இருக்கும் அரிசி ஆலையில் கொண்டுவந்து கொட்ட வேண்டும். அவன் வீடு குரூண் தாண்டி எஸ்டேட்டுக்குள். வாசுகியின் வீடு மெர்கோங்கில், ஆலைக்குக் கூப்பிடு தூரத்தில். அவள் கணவன் ஜொகூரில் வேலை பார்த்துக்கொண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்து போகிறவன் என்பதால் வீட்டில் அவள் மட்டும்தான்.

உள்ளே வரும்போது கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டான். நாற்காலியைப் பிடிக்கப் போன கை காற்றைப் பிடித்தது. வாசுகி சோறு போட்டுக் கொடுத்துவிட்டு, அடுப்படிக்குப் போய் அண்ணி புஷ்பவள்ளிக்குப் போன் போட்டாள்.

"குடிக்கலைன்னு பிள்ளைங்க தலையில அடிச்சுச் சத்தியம் பண்றாரு," என்றாள் புஷ்பா. குரலில் கோபத்தைவிடச் சலிப்புதான் அதிகம் இருந்தது. "சுவத்துல முட்டிக்கிட்டே நடக்கறாரு. பேச்சு குழறுது. லைன் வீடுகள்ல எல்லாரும் பாக்கறாங்க, வாசுகி. நான் கண்ணால பாக்கறத நம்பறதா, அவரு வாயால சொல்றத நம்பறதா?"

புவனேஸ்வரன் ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவன்தான். மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடம் விட்டான். விட்டதை விட்டதாகவே இத்தனை வருடம் காப்பாற்றியும் வந்தான். அதனால்தான் இந்தப் புதுத் தள்ளாட்டம் இரண்டு பெண்களையும் அப்படி உலுக்கியது. அன்று படுக்கப் போகும்போது வாசுகி தன் அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். என்ன இது, நம் அண்ணன்தானே என்று தோன்றியது. ஆனாலும் தாழ்ப்பாளை எடுக்கக் கை வரவில்லை.

காலையில் அவன் மேசையில் உட்கார்ந்திருந்தான். தேநீர்க் குவளையைத் தேடிப் போன விரல்கள் அதைத் தாண்டிப் போய்ப் பிறகு திரும்பி வந்து பிடித்தன. தலை மெல்ல முன்னும் பின்னும் ஆடியது, எதிரே யாரோ பேசுவதற்கு ஆமாம் போடுவதுபோல. அவள் அவனைப் பார்க்கப் பிடிக்காமல் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். கூட வேலை பார்க்கும் டிரைவர் ஒருவர் வந்து அவனைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

வாசுகி இடைநிலைப்பள்ளியில் ஆங்கில ஆசிரியை. அன்று வகுப்புகள் முடிந்த பிறகு, மாநிலப் போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சொல் பயிற்சி. நஜ்வா என்றொரு மாணவி, எங்கிருந்தாவது யாருக்கும் தெரியாத ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்து ஆசிரியையை மடக்குவதில் அவளுக்குத் தனி ஆனந்தம். அன்றைக்கு அவள் கொண்டுவந்தது 'டிட்டுபேட்' என்ற வினைச்சொல்.

வாசுகிக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, கைப்பேசியில் அகராதியைத் திறந்து பிள்ளைகள் முன்னாலேயே தேடினாள். தள்ளாடுதல், நடையில் நிலைகொள்ளாமல் தடுமாறுதல், அரிய வழக்கு என்று போட்டிருந்தது.

"அப்படியானால் ஸ்டாகர் என்றே சொல்லிவிடலாமே," என்றான் ஒரு பையன். எழுந்து போய்க் கரும்பலகைக்கு முன்னால் குடிகாரன்போல ஆடி ஆடி நடந்து காட்டினான். வகுப்பு சிரித்தது. இன்னொருத்தி குழந்தை தத்தித் தத்தி நடப்பதுபோல நடந்து, இது டாட்டர் என்றாள். வாசுகிக்குச் சிரிக்க முடியவில்லை.

நஜ்வா விடவில்லை. "ஸ்டாகர் என்றால் குடித்தவன், இல்லாவிட்டால் அடிவாங்கியவன் நினைவுக்கு வருகிறான். டாட்டர் என்றால் குழந்தையோ வயதானவரோ. இது யாருக்கு, டீச்சர்? எதற்குத் தனியாக ஒரு சொல்?"

வாசுகி திரையைக் கீழே தள்ளிப் படித்தாள். அந்தச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. அதன் பெயர்ச்சொல்லை மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். பின்னந்தலையில் இருக்கும் சிறுமூளை கெட்டுப்போனவர்களுக்கு நிற்கும்போதும், வெறுமனே உட்கார்ந்திருக்கும்போதும்கூட, தலையும் உடம்பும் தானாக முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டத்துக்கு அதுதான் பெயர்.

உட்கார்ந்திருக்கும்போதும்கூட என்ற இடத்தில் அவள் கண் நின்றுவிட்டது.

காலையில் மேசையில் ஆமாம் போட்டுக்கொண்டிருந்த தலை. குவளையைத் தாண்டிப் போன விரல்கள். அப்பா குடித்துவிட்டு வந்தால் அவருக்கு முன்னால் அந்த நாற்றம் வாசலுக்கு வந்துவிடும். அண்ணன் நேற்று அவளை உரசிக்கொண்டு உள்ளே வந்தான். வியர்வையும் நெல் தூசியும்தான் மணத்தன, வேறு ஒன்றும் இல்லை. அதை அவள் மூக்கு அப்போதே அறிந்திருந்தது. அவள்தான் கேட்கவில்லை.

அந்த மனிதன் இந்நேரம் ஒரு லாரி நெல்லோடு சாலையில் இருக்கிறான்.

அவள் பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு, காருக்கு ஓடிக்கொண்டே அண்ணனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. புஷ்பாவுக்குப் போட்டாள்.

"அண்ணி, அண்ணன் குடிக்கல."

"நீயும் அவருக்குப் பரிஞ்சு பேச வந்துட்டியா?"

"இல்ல அண்ணி, கேளுங்க. சும்மா உக்காந்திருக்கும்போதும் தலை ஆடுதா?"

மறுமுனையில் புஷ்பா மெதுவாகச் சொன்னாள். "டிவி பாக்கும்போது ஆடும். சட்டைப் பித்தான மாத்தி மாத்திப் போடுவாரு. சோத்த வாய்க்குக் கொண்டுபோனா கன்னத்துல இடிக்கும். நான் போதைன்னுதான்..." குரல் உடைந்தது. "இன்னிக்கு யான் பக்கம்தான் லோடு. மத்தியானம் கிளம்பி வருவாங்க. கால்வா ஓரமா வர்ற ரோடு. வாசுகி, எப்படியாச்சும் நிறுத்தச் சொல்லு."

வாசுகி காரைத் தெற்கே விட்டாள். ஒருபக்கம் அறுத்துக் கிடந்த வயல், மறுபக்கம் கலங்கலான தண்ணீரோடு கால்வாய், தொலைவில் மேகத்துக்குள் பாதி மறைந்த ஜெராய் மலை. எதிரே வந்த ஒவ்வொரு நெல் லாரியும் அவள் நெஞ்சை ஏறி மிதித்துவிட்டுப் போனது. ஒவ்வொன்றிலும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த முகத்தைப் பார்த்தாள். அண்ணன் இல்லை. பள்ளி விட்டு மோட்டார்சைக்கிளில் போகும் பிள்ளைகள், சாலையோரம் மீன் பொரித்து விற்கும் பெண்கள், ஒருவர் பின் ஒருவராகக் கடந்துபோனார்கள். இவர்களில் யார் மேலாவது அந்த லாரி ஏறியிருந்தால் என்று நினைத்தாள். நினைக்காமல் இருக்க முயன்றபோது, லாரி கால்வாய்க்குள் கவிழ்ந்து கிடப்பது கண்ணுக்குள் வந்தது.

போன் அடித்தது. அண்ணனுடைய எண். ஆனால் பேசியது வேறு குரல்.

"அஸ்ஸலாமு... வாசுகிங்களா? இந்தப் போன்ல உங்க பேருதான் மேல இருந்துச்சு. நான் ஜைனல், கால்வா முக்குல சாப்பாட்டுக்கடை வச்சிருக்கேன். இந்த லாரிக்காரரு உங்களுக்கு யாரும்மா?"

"அண்ணன். உயிரோட இருக்காரா?"

"இருக்காரும்மா. பயப்படாம வாங்க. ஆனா சீக்கிரம் வாங்க."

கூட்டத்தைக் கண்டதும் அவள் காரை ஓரங்கட்டினாள். லாரி சாலையை விட்டு இடதுபக்கம் விலகி, முன்சக்கரம் ஒன்று கால்வாய்க் கரையைத் தாண்டி அந்தரத்தில் நின்றது. மூட்டை கட்டாத நெல் முழுக்க ஏற்றிய லாரி. எஞ்சின் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு உறுமலுக்கும் கரையிலிருந்து மண் பொடிப்பொடியாகத் தண்ணீரில் உதிர்ந்தது. பின்சக்கரத்துக்குக் கீழே யாரோ கட்டைகளையும் கற்களையும் திணித்திருந்தார்கள். கூட்டத்தில் ஒருவன் கட்டைவிரலை வாயில் வைத்துச் சாய்த்து, "மாபோக்," என்று பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்லிச் சிரித்தான். குடித்திருக்கிறானாம்.

ஜைனல் பருத்த உடம்புக்காரர். மேல்சட்டை முழுக்கச் சேறு. கட்டைகளைத் திணித்தது அவர்தான். "பிரேக்க மிதிச்சபடியே உக்காந்திருக்காரு. கால எடுத்தா உருண்டுடும்னு எடுக்க மாட்டேங்கறாரு. ஹேண்ட் பிரேக்க இழுங்கன்னா, கை அங்க போக மாட்டேங்குது. நான் படியில கால வச்சாலே லாரி ஆடுதும்மா. போன மட்டும் சன்னல் வழியா வாங்கினேன்."

வாசுகி ஒல்லியானவள். செருப்பைக் கழற்றிவிட்டு டிரைவர் பக்கப் படியில் ஏறினாள். லாரி மெல்ல ஒரு முனகல் முனகியது. கீழே இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

சன்னலுக்குள் அண்ணனின் முகம் வெளிறிக் கிடந்தது. இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்திருந்தான். தலை அப்போதும் அதே கணக்காய் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"ரோடு ரெண்டாத் தெரிஞ்சுச்சு, வாசு," என்றான். நாக்கு சொற்களை ஒட்ட வைத்து ஒட்ட வைத்துப் பேசியது. "எது நெசம்னு தெரியல. ஸ்கூல் புள்ளைங்க வேற... நான் இந்தப் பக்கம் திருப்பிட்டேன்."

"பேசாதண்ணே. ஹேண்ட் பிரேக் எங்க இருக்கு?"

அவன் வலது கையை நீட்டினான். கை தாண்டிப் போய்க் கதவில் முட்டியது. மறுபடி நீட்டினான், அந்தத் தடவை கை முன்னால் இருந்த கண்ணாடியில் போய் இடித்தது. தன் கை தன் பேச்சைக் கேட்காததை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் அப்போது தெரிந்த திகிலை வாசுகி அதற்கு முன் எந்த மனிதரிடமும் கண்டதில்லை.

"கைய எடுத்துக்க. வாயால சொல்லு."

"சீட்டுப் பக்கத்துல. கருப்புக் குமிழ். மேல தூக்கிப் பின்னால இழு."

அவள் சன்னல் வழியாக இடுப்பு வரை உள்ளே நுழைந்து, அவன் மடிமேல் கவிழ்ந்து, கையால் துழாவினாள். குமிழ் அகப்பட்டது. வியர்வையில் வழுக்கியது. துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு தூக்கி இழுத்தாள். புஸ்ஸென்று காற்று வெளியேறும் சத்தம் லாரி முழுக்கக் கேட்டது. சாவியைத் திருப்பி எஞ்சினையும் அணைத்தாள். உறுமல் நின்றதும் கால்வாய்த் தண்ணீரின் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது.

"இப்ப கால எடுண்ணே."

"எடுத்தா உருண்டுடும்."

"உருளாது. நான் இழுத்துட்டேன். எடு."

அவன் எடுக்கவில்லை. அவள் தன் கையாலேயே அவன் முழங்காலைத் தூக்கி ஒவ்வொன்றாக நகர்த்தினாள். லாரி நின்ற இடத்தில் நின்றது.

இறங்கியதும் அவன் கால் மடிந்து தார்ச்சாலையில் விழுந்தான். அதற்குள் போலீஸ் மோட்டார்சைக்கிள் வந்துவிட்டது. கார்ப்பரல் கூட்டத்தைப் பார்த்தார், தரையில் கிடந்தவனைப் பார்த்தார், கைவிலங்கை எடுத்தார். வாசுகி நடுவில் போய் நின்றாள். அவளுக்கு மலாய் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அந்த நேரத்தில் தலையில் இருந்தது பள்ளியில் படித்த அந்த ஒரு சொல்தான், அது இங்கே யாருக்குப் புரியும்? "துவான், குடிக்கவில்லை. நோய். வாயை முகர்ந்து பாருங்கள், தயவுசெய்து," என்று மட்டும் மலாயில் சொன்னாள்.

கார்ப்பரல் குனிந்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். கைவிலங்கைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டு, "மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள், வாக்குமூலம் பிறகு வாங்கிக்கொள்கிறேன்," என்றார். ஜைனல் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, பின்சீட்டில் புவனேஸ்வரனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் இளம்பெண். சட்டையில் ஸல்மா என்று பெயர் குத்தியிருந்தது. பினாங்குத் தமிழ்முஸ்லிம் குடும்பத்துப் பெண், தமிழிலேயே கேட்டாள். "என்ன பண்ணுது இவருக்கு?"

தள்ளாடுகிறார் என்று சொல்ல வாசுகிக்குப் பயமாக இருந்தது. தமிழில் சொன்னாலும் மலாயில் சொன்னாலும் எதிரே இருப்பவர் மனதில் சாராயப் பாட்டில் வந்துவிடுகிறது. அவள் அந்த ஆங்கிலச் சொல்லையே சொன்னாள். "டிட்டுபேட் பண்றாரு, டாக்டர். நடக்கும்போது மட்டுமில்ல. உக்காந்திருக்கும்போதும்."

ஸல்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "இத நாங்க பரீட்சைக்குப் படிச்சதோட சரி. யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

"யாரும் சொல்லல. ஒரு மாணவி கேட்டா. அதுக்காகப் பாத்தேன்."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அண்ணன் முன்னால் உட்கார்ந்தாள். அவன் விரலால் அவன் மூக்கையும் அவள் விரலையும் மாற்றி மாற்றித் தொடச் சொன்னாள். விரல் கன்னத்துக்கும் கண்ணுக்கும் போனது. பேனாவைப் பக்கவாட்டில் நகர்த்தினாள். அதைத் தொடர்ந்த அவன் விழிகள் ஓரத்துக்குப் போனதும் துடிதுடித்தன. மூளையில் கட்டியா என்று கேட்க வாசுகிக்கு வாய் வரவில்லை. அதற்குள் எஸ்டேட்டிலிருந்து வாடகைக்கார் பிடித்து வந்த புஷ்பா, திரைக்கு அந்தப் பக்கம் மூச்சுவாங்க நின்றாள்.

"ஏதாச்சும் மருந்து சாப்பிடறீங்களாண்ணே?" என்று டாக்டர் கேட்டாள்.

"இல்ல."

"வலிப்புக்கு?"

அவன் புஷ்பாவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "ஒரு தடவ வந்துச்சு," என்றான். "குளிக்கிற ரூம்ல. வீட்டுல யாரும் இல்ல. சுங்கைப் பட்டாணியில ஒரு கிளினிக்குக்குப் போனேன். மாத்திர குடுத்தாரு, லாரி ஓட்டக் கூடாதுன்னாரு. ஓட்டலைன்னு சொல்லிட்டேன். அப்புறம் ஒரு நாள் ஸ்டீரிங் பிடிச்சிருக்கும்போது கை வெடுக்குன்னுச்சு. மறுபடி வந்துடுமோன்னு பயந்து, நானா ஒண்ணு கூட்டிப் போட்டேன். அப்புறம் இன்னொண்ணு."

"வந்துடும்னு பயந்தா வண்டிய நிறுத்தணும்லா," என்றாள் புஷ்பா. அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போடத் தெம்பில்லை.

"லாரிய விட்டு எறங்கிட்டா, திரும்ப ஏத்த மாட்டாங்க புஷ்பா."

"கால்வாயில எறங்கியிருந்தா மட்டும்?"

ஜைனல் நாகரிகமாகத் திரைக்கு வெளியே நகர்ந்துகொண்டார்.

அந்த மருந்து அப்படிப்பட்டது என்று ஸல்மா விளக்கினாள். ஓர் அளவு வரை உடம்பு செரித்துக்கொள்ளும். அதைத் தாண்டிக் கொஞ்சம் போட்டாலும் ரத்தத்தில் மளமளவென்று ஏறிவிடும். சிறுமூளையைப் போய்ப் பிடிக்கும். பார்ப்பவர்களுக்குக் குடித்தவர்போலவே தெரியும். "ரத்தம் எடுக்கறோம், தலையையும் ஸ்கேன் பண்ணிப் பாக்கறோம். பாக்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

ஸ்கேன் முடிவு வரும்வரை வாசுகியும் புஷ்பாவும் ஜைனலும் நடைக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். புஷ்பா வாசுகியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது. வாசுகி கையை இழுத்துக்கொள்ளவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் மூன்று பேர் முகமும் ஒன்றாகத் திரும்பியது. வேறு யாரையோ கூப்பிடுவார்கள். ஜைனல் உதட்டுக்குள்ளேயே எதையோ ஓதிக்கொண்டிருந்தார்.

கட்டி இல்லை. ரத்தத்தில் மருந்து மட்டும் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. வார்டில் சேர்த்துக்கொண்டு, அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, வேறு ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கினார்கள். முதலில் பேச்சு தெளிந்தது. பிறகு கை சொன்ன இடத்துக்குப் போனது. நடை கடைசியாகத்தான் வந்தது. புஷ்பா ஒருபக்கமும் வார்டுச் சுவர் மறுபக்கமுமாக நடந்தவன், ஒரு காலையில் சுவரை விட்டுவிட்டு நடந்தான்.

பயம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. லாரி கவிழ்வதுபோலக் கனவு கண்டு வாசுகி பல நாள் விழித்தெழுந்தாள். தூக்கத்தில் கணவன் வலிப்பில் துடிக்கிறானோ என்று புஷ்பா அவன் மூச்சைக் கேட்டபடி கிடந்தாள். கனரக லைசென்ஸ் போனது போனதுதான். டாக்டர் அதில் ஒளிவுமறைவு வைக்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பிய அன்று, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவனே லாரி முதலாளிக்குப் போன் போட்டான். புஷ்பா பேசட்டுமா என்றாள். வேண்டாம் என்று தலையசைத்தான். வலிப்பு வந்தது, மறைத்தது, மாத்திரையைக் கூட்டிப் போட்டது என்று எல்லாவற்றையும் மலாயில் ஒன்றுவிடாமல் சொன்னான். மறுமுனையில் முதலாளி வெகுநேரம் திட்டினார். திட்டுவது வெளியே கேட்டது. அண்ணன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

"என்ன சொன்னாரு?" என்றாள் புஷ்பா.

"நெல்லு நனையலையாம். லாரிய இழுத்துட்டாங்களாம்." அவன் போனைப் படுக்கையில் வைத்தான். "ஆலையில எடைமேடைக்கு ஆள் வேணுமாம். லாரிச் சாவியத் தொட்டா வெட்டிடுவேன்னாரு. அந்த வேலைய எனக்குக் குடுக்கலாமான்னு யோசிச்சுட்டு நாளைக்குச் சொல்றேன்னிருக்காரு."

புஷ்பா துணிப்பையை எடுத்துக்கொண்டாள். "வாங்க, வீட்டுக்குப் போவோம்," என்றாள்.